இரண்டு குழாயிலும் ஒரே பெண்

அத்தியாயம் 4

டைல்ஸ் கடைக்காரருக்கு வயது நாற்பத்தொன்று. ஆறடி உயரம், முழு வழுக்கை, வழுக்கைக்கு ஈடு செய்வதுபோல் கன்னம் வரை படர்ந்த மீசை. மரபணுச் சோதனைக்கூடம் கொடுத்த அறிக்கையின்படி அவர் ஒரு பெண்.

ஒரு தடவை அல்ல. மூன்று வார இடைவெளியில் இரண்டு குழாய் ரத்தம் எடுத்து, இரண்டு தடவையும் அதே பதில்.

புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு அந்த அறிக்கைகள் இரண்டும் தராசின் மேஜைமேல் இருந்தன. தராசு என்பது பட்டப்பெயர். இருபத்திரண்டு வருடம் எடை அளவு ஆய்வாளராகக் கடை கடையாக ஏறி இறங்கியவர். அந்த வேலையை விட்டுத் துப்பறியும் தொழிலுக்கு வந்தபோது பெயரும் கூடவே வந்துவிட்டது. பக்கத்து ஸ்டூலில் இருந்த உதவியாளரை எல்லோரும் வால் என்றே கூப்பிடுவார்கள். முப்பத்தைந்து வயதுப் பெண்ணை அப்படிக் கூப்பிடுவது முறையில்லைதான். அவள் பேசுவதைப் பத்து நிமிடம் கேட்டவர்கள் யாரும் ஆட்சேபித்ததில்லை.

வால் அறிக்கையை வாசித்து முடித்துக் கடைக்காரரின் புகைப்படத்தைப் பார்த்தாள்.

"இந்த மீசைகிட்ட யாரும் ஒரு வார்த்தை கேக்கலையா சார்?"

எதிரில் உட்கார்ந்திருந்த டெக்னீஷியன் அம்மாள் சிரிக்கவில்லை. அவருக்கு நாற்பத்தாறு வயது, அந்தச் சோதனைக்கூடத்தில் பத்தொன்பது வருட சர்வீஸ். ரத்தம் எடுத்ததும் அவர்தான், சோதித்ததும் அவர்தான். கடைக்காரர் வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருந்தார்: குழாயை மாற்றி வைத்துத் தன்னை அவமானப்படுத்திய ஊழியரை வெளியேற்ற வேண்டும். வேலைநீக்க உத்தரவு டைப் ஆகித் தலைமை டாக்டரின் மேஜை டிராயரில் தயாராக இருந்தது. காரணம் என்ற இடத்தில் 'கவனக்குறைவு' என்று போட்டிருந்தது. அந்த ஒரு வார்த்தையோடு வெளியே போகிறவரை வேறெந்தச் சோதனைக்கூடமும் வாசலில்கூட நிறுத்தாது. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணி கெடு. அதற்குள் வெளியாள் ஒருவர் விசாரிக்கட்டும் என்று சோதனைக்கூடத்தின் வக்கீல் கேட்க, கடைக்காரரும் தன் காகிதங்களையெல்லாம் பார்க்கலாம், வீட்டிலும் விசாரிக்கலாம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார். அப்படித்தான் விஷயம் தராசிடம் வந்தது.

என்ன சோதனை, எதற்காக என்று முதலிலிருந்து சொல்லும்படி தராசு கேட்டார். ஒரு கடையில் எடைக்கல்லைப் பார்ப்பதற்கு முன்னால் அந்தக் கடையில் எப்படி நிறுக்கிறார்கள் என்று கொஞ்ச நேரம் நின்று பார்ப்பது அவருடைய பழைய வழக்கம்.

டெக்னீஷியன் சொன்னது இதுதான். கடைக்காரருக்குக் கல்யாணமாகி ஆறு வருடம், குழந்தை இல்லை. மனைவியை ஐந்து வருடம் சோதித்த பிறகு, கணவரையும் ஒருமுறை பார்க்கலாமே என்று யாருக்கோ தோன்றியது. பார்த்தால் விந்தில் ஓர் அணுகூட இல்லை. இப்படிப்பட்டவர்களுக்குச் சில சமயம் விதையைத் திறந்து, உள்ளே எங்காவது அணு ஒளிந்திருக்கிறதா என்று தேடுவார்கள். கத்தியை எடுப்பதற்கு முன்னால் ரத்தத்தில் மரபணுவைப் பார்த்துவிடுவார்கள்.

அதில் இரண்டு வேலை. முதல் வேலை எண்ணுவது. ரத்தத்தின் வெள்ளை அணுக்களை வளர்த்து, அவை இரண்டாகப் பிரியப்போகும் நேரத்தில் அப்படியே நிறுத்தி, உள்ளே இருக்கும் நாற்பத்தாறு குரோமோசோம்களையும் படமெடுத்து ஜோடி சேர்க்க வேண்டும். கடைசி ஜோடி ஆணுக்கு ஒரு எக்ஸ், ஒரு ஒய். பெண்ணுக்கு இரண்டும் எக்ஸ். சில ஆண்களுக்கு ஒரு எக்ஸ் கூடுதலாக இருக்கும். விந்தணு இல்லாததற்கு அதுவே காரணமாக இருக்கலாம். இரண்டாவது வேலை, அந்த ஒய்யில் துண்டு எதுவும் விழுந்துபோயிருக்கிறதா என்று தேடுவது. ஒரு தபால்காரர் தெருவில் இறங்கி வீடு வீடாகக் கதவைத் தட்டுவது போல. பதில் வராவிட்டால் அந்த வீடு அங்கே இல்லை என்று அர்த்தம். எந்த வீடு இல்லை என்பதை வைத்து, கத்தி வைத்தால் பலன் உண்டா, வீண் வலிதானா என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம்.

"இவர் விஷயத்துல கதவு திறக்கலைங்கறது இல்ல சார்," என்றார் டெக்னீஷியன். "தெருவே இல்ல."

ரத்தம் எடுத்தவுடன் குழாயின் மேல் கடைக்காரரே கையெழுத்துப் போட்டிருந்தார், இரண்டு தடவையும். இதை டெக்னீஷியன் அழுத்தி இரண்டு முறை சொன்னார். தராசு குழாயைப் பற்றி மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.

"ரெண்டு குழாயிலயும் இருக்கறது ஒரே பொம்பளையா, வேற வேற பொம்பளையா?"

அந்தக் கேள்வியை இதுவரை யாரும் கேட்கவில்லை. பெண் என்று வந்ததுமே எல்லோரும் கோபப்படப் போய்விட்டார்கள்.

"கவனக்குறைவா பஸ் மாறி ஏறறவங்க மூணு வாரம் கழிச்சு மறுபடி மாறி ஏறலாம்," என்றாள் வால். "ஆனா அதே பஸ்ல, அதே சீட்டுல உட்கார மாட்டாங்க."

வியாழக்கிழமை காலை பத்து மணிக்குப் பதில் கிடைத்தது. ஒரே பெண். டெக்னீஷியன் தன் ரத்தத்தையும் எடுத்து ஒப்பிட்டிருந்தார், அவர் இல்லை. கடைக்காரரின் மனைவியும் இல்லை. அவளுடைய ரத்தம் பழைய சோதனைகளுக்காக அங்கேயே இருந்தது. மனைவியின் ரத்தத்தைக் கணவர் பெயரில் வைத்துவிட்டார்கள் என்பதுதான் தலைமை டாக்டரின் சொந்த ஊகம். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் மாட்டிக்கொண்டார்.

"அப்போ அந்தப் பொம்பளை இவர் கூடவே வந்து, இவர் கூடவே போறா," என்றாள் வால். "யார் கண்ணுலயும் படல. கெட்டிக்காரி."

தராசு இரண்டு விஷயம் கேட்டார். முதலாவது, குழாயில் இருக்கும் ரத்தம் எந்த வகை? பி பாசிட்டிவ் என்றார்கள். இரண்டாவது, கடைக்காரர் வந்த அன்று நிரப்பிக் கொடுத்த படிவம். அதில் பதினெட்டுக் கேள்விகள். பெரிய நோய் ஏதாவது வந்ததுண்டா, கதிர்வீச்சு சிகிச்சை உண்டா, உறுப்போ எலும்பு மஜ்ஜையோ மாற்றியதுண்டா என்று ஒரு குடும்பத்தின் அந்தரங்கம் முழுவதையும் இரண்டு பக்கத்தில் கேட்கும் படிவம். பதினெட்டுக்கும் 'இல்லை'. அந்தப் பதினெட்டும் முத்து முத்தான எழுத்து. கீழே இருந்த கையெழுத்து மட்டும் தேள் ஊர்ந்ததுபோல் இருந்தது.

"இதை எழுதினது யாரு?"

"அவரு மிஸஸ். எல்லா ஜோடியும் அப்படித்தான் சார். ஒருத்தர் கேள்வியைப் படிப்பாங்க, இன்னொருத்தர் பதில் சொல்வாங்க. வெயிட்டிங் ஹால்ல பொழுது போகணுமே."

தராசு படிவத்தை மடித்துக் கொடுத்துவிட்டு, கடைக்காரரின் வீட்டுக்குப் போகலாம் என்றார்.

வீடு கடைக்கு மேல் மாடியில் இருந்தது. தரை முழுக்க டைல்ஸ், ஆனால் ஓர் அறைக்கும் இன்னோர் அறைக்கும் நிறம் சேரவில்லை. விற்காமல் மீந்ததையெல்லாம் வீட்டில் பதித்திருந்தார்கள். கடைக்காரரின் அம்மா கதவைத் திறந்தார். மகனுக்கு நேர்ந்த அவமானத்தைப் பற்றி நின்றபடியே கால் மணி நேரம் பேசினார். அந்த டெக்னீஷியனைச் சும்மா விடக் கூடாது என்றார். தராசு பொறுமையாகக் கேட்டுவிட்டு, மகனின் ரத்த வகை குறித்த பழைய காகிதம் ஏதாவது இருக்குமா என்று கேட்டார். அம்மா தெரியவில்லை என்று சொல்லி வாய் மூடுவதற்குள், மருமகள் உள்ளேயிருந்து ஒரு ஃபைலை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

அதில் ஆறாம் வகுப்பு அடையாள அட்டை இருந்தது. ரத்த வகை: ஓ பாசிட்டிவ்.

"பள்ளிக்கூடத்துல என்ன சோதிச்சா எழுதறாங்க, தம்பி? வாய்க்கு வந்ததை எழுதுவாங்க," என்றார் அம்மா.

மருமகள் ஃபைலில் இருந்து இன்னோர் அட்டையை எடுத்தாள். "இதுலயும் தப்பா எழுதியிருக்காங்கன்னுதான் நெனச்சேன் சார். இது அவரோட தடுப்பூசி அட்டை. வருஷத்தைப் பாருங்க."

தொண்டை அடைப்பான், கக்குவான், போலியோ. இரண்டு இரண்டு மாத இடைவெளியில் மூன்று ஊசி. அப்புறம் தட்டம்மை. கைக்குழந்தைக்குப் போடும் வரிசை ஒன்றுகூடப் பிசகாமல் இருந்தது. தேதிகளைக் கழித்துப் பார்த்தால் கைக்குழந்தைக்கு அப்போது வயது பதினாறு.

"மூணு ஊசிக்கும் அழாம இருந்தாரா, பாட்டி?" என்று கேட்டாள் வால்.

பழைய அட்டை தொலைந்துவிட்டது, அதனால் டாக்டர் எல்லாவற்றையும் மறுபடி போடச் சொல்லிவிட்டார் என்றார் அம்மா. சொல்லும்போது மருமகளின் கையிலிருந்து ஃபைலை வாங்கிக்கொண்டார். சுவரில் ஒரு புகைப்படம் மாட்டியிருந்தது. இருபது வயது மதிக்கத்தக்க ஒரு பெண். அவள் தோளில் சாய்ந்தபடி, காதுவரை குல்லாய் இழுத்துவிட்ட ஓர் ஒல்லிப் பையன். இது யார் என்று தராசு கேட்டார்.

"என் பொண்ணு. வெளிநாட்டுல இருக்கா. அவளை எதுக்கு இதுல இழுக்கறீங்க?"

"நான் யாருன்னுதாம்மா கேட்டேன்," என்றார் தராசு.

படிக்கட்டில் இறங்கும்போது அவர் வாலிடம் ஒரு கேள்வி போட்டார். ஒருத்தருக்குக் குழந்தையில் போட்ட ஊசிகளையெல்லாம் பெரியவனான பிறகு மறுபடி எதற்குப் போடுவார்கள்?

"முதல் தடவை போட்டதை உடம்பு மறந்திருக்கணும்."

"உடம்பு அதையெல்லாம் எங்க ஞாபகம் வெச்சிருக்கும்?"

வால் இரண்டு படி இறங்கினாள். மூன்றாவது படியில் நின்றாள். "ரத்தத்துல."

"நேத்து நீ ஒரு யோசனை சொன்னே. நல்ல யோசனை. மீசைகிட்ட ஒரு வார்த்தை கேட்டுடுவோம்."

கடைக்காரர் கல்லாவில் இருந்தார். ரத்தத்தைத் தவிர அவர் உடம்பின் வேறொரு பகுதியைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று தராசு சொன்னதும் உடனே சம்மதித்தார். கன்னத்தின் உட்புறம் பஞ்சால் வழிப்பதுதான் சுலபம். ஆனால் எச்சிலில் ரத்தத்தின் வெள்ளை அணுக்களும் கலந்திருக்கும். முடியின் வேர் அப்படியல்ல. அது அந்த இடத்துத் தோலிலேயே முளைத்தது, ரத்தத்தோடு உறவில்லை. ஆகவே வேரோடு ஆறேழு முடி வேண்டும் என்றார்.

கடைக்காரர் தன் வழுக்கையைத் தடவிக்கொண்டார். தராசு அவருடைய மூக்குக்குக் கீழே பார்த்தார்.

டெக்னீஷியன் வந்து இடுக்கியால் பிடுங்கினார். ஒவ்வொரு முடிக்கும் கடைக்காரரின் கண்ணில் ஒரு சொட்டு நீர் வந்தது. ஏழாவதோடு போதும் என்று டெக்னீஷியன் சொன்னார். "இந்தப் பக்கமும் ஒரு ஏழு எடுத்துட்டா சமமாயிடும் சார்," என்று வால் உதவிக்கு வந்தாள். முடிகள் இருந்த குழாயை அவளே மடியில் வைத்துக்கொண்டு போய், இயந்திரத்துக்குள் போகும்வரை கண்ணை எடுக்காமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

வெள்ளிக்கிழமை மூன்றரை மணிக்கு முடிவு வந்தது. தலைமை டாக்டர் அதை இரண்டு தடவை படித்துவிட்டுத் தராசைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததை வெளியே சொல்லும் உரிமை தனக்கு இல்லை என்பதும் புரிந்துவிட்டது.

கடைக்காரரும் மனைவியும் நான்கு மணிக்கு வந்தார்கள். தராசு கடைக்காரரை மட்டும் பின்பக்கப் படிக்கட்டுக்குக் கூட்டிப் போனார். வால் கதவோரம் நின்றுகொண்டாள்.

"உங்க மீசை ஆம்பளை," என்றார் தராசு. "தெரு இருக்கு, எல்லா வீடும் இருக்கு, தட்டின கதவு எல்லாம் திறந்துச்சு. ரத்தம் மட்டும் பொம்பளை. குழாய் மாறல. ரெண்டு தடவையும் அது உங்க ரத்தம்தான். பதினஞ்சு வயசுல உங்க அக்கா உங்களுக்கு என்ன குடுத்தாங்க?"

கடைக்காரர் படியில் உட்கார்ந்தார். ஆறடி மனிதர் உட்கார்ந்ததும் படிக்கட்டில் வழி அடைபட்டுப் போயிற்று.

"மஜ்ஜை," என்றார் கடைசியில்.

ரத்தப் புற்றுநோய். எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜைதான் ரத்தம் தயாராகும் பட்டறை. நோய் பட்டறையிலேயே இருந்ததால் பழைய ஆட்கள் எல்லோரையும் மருந்தாலும் கதிர்வீச்சாலும் அழித்துவிட்டு, அக்காவின் மஜ்ஜையிலிருந்து புது ஆட்களைக் கொண்டுவந்து குடியமர்த்தினார்கள். அன்றிலிருந்து இருபத்தாறு வருடமாக அங்கே தயாராகும் ஒவ்வொரு சொட்டும் அக்காவின் முத்திரையோடுதான் வெளியே வருகிறது. ரத்த வகையும் அக்காவுடையது. புது ஆட்களுக்குப் பழைய தடுப்பூசி எதுவும் ஞாபகமில்லை. அதனால் பதினாறு வயதில் எல்லாவற்றையும் முதலிலிருந்து போட வேண்டியதாயிற்று.

"அக்காவோடதுன்னு தெரியும்," என்றார் கடைக்காரர். "அது அக்காவாவே இருக்கும்னு சத்தியமா தெரியாது சார். லேப்ல தப்பு பண்ணிட்டாங்கன்னுதான் நெனச்சேன்."

தராசு அதை நம்பினார். பொய் சொல்கிறவர் சோதனைக்குச் சம்மதித்துக் கையெழுத்துப் போடமாட்டார்.

"படிவத்துல கேட்டிருந்தாங்களே?"

"அவ கேள்வியைப் படிச்சிட்டு, பேனாவை வெச்சுகிட்டு என் முகத்தைப் பார்த்தா. இல்லன்னேன். கல்யாணத்துக்கு முன்னாடியே அம்மா சொல்லிட்டாங்க, தெரிஞ்சா யாரும் பொண்ணு தர மாட்டாங்கன்னு. ஆறு வருஷமா இல்லன்னு இருந்ததை அந்த ஹால்ல வெச்சு எப்படி ஆமான்னு சொல்றது?"

பதினெட்டுக் கேள்விகளும் நியாயமான கேள்விகள்தான். ஆனால் மனைவி படிக்க, கணவன் பதில் சொன்னால், மனைவிக்கு ஏற்கெனவே தெரிந்த பதில்தான் காகிதத்தில் வரும். இத்தனை வருடத்தில் அந்தச் சோதனைக்கூடம் செய்த தவறு என்று ஒன்றைச் சொல்லவேண்டுமானால், ஒரே பேனாவை இரண்டு பேருக்கும் சேர்த்துக் கொடுத்ததுதான்.

கடைக்காரர் தரையைப் பார்த்தபடி கேட்டார். "குழந்தை இல்லாததுக்கும் இதுதான் காரணமா?"

பட்டறைக்கு வைத்த தீ பக்கத்து வீட்டையும் சுட்டிருக்கிறது என்றார் தராசு. விந்தணு உற்பத்தியாகும் இடம் அந்தக் கதிர்வீச்சைத் தாங்குவது கஷ்டம். மரபணுவில் குறை எதுவும் இல்லை. அப்போதே டாக்டர்கள் வீட்டில் சொல்லியிருப்பார்களே என்று கேட்டார்.

"அம்மாகிட்ட ஏதோ சொன்னாங்க. என்னை வெளியில உட்கார வெச்சுட்டாங்க." கொஞ்சம் நிறுத்தி, "அப்புறமும் நான் கேக்கல," என்றார்.

மணி நாலு பத்து. தராசு கணக்கை அவர் முன்னால் வைத்தார். நோட்டீசுக்குப் பதில் எழுத வேண்டுமென்றால் கடைக்காரரின் ரகசியத்தை எழுத வேண்டும். அவர் சம்மதமில்லாமல் தலைமை டாக்டர் எழுதமாட்டார். எழுதாவிட்டால் ஐந்து மணிக்கு உத்தரவு டிராயரிலிருந்து வெளியே வரும். எந்தத் தவறும் செய்யாத ஒரு பெண்மணி கவனக்குறைவு என்ற பட்டத்தோடு வீட்டுக்குப் போவார்.

"நான் வாயைத் திறக்க மாட்டேன். அது உங்க சொந்த விஷயம். ஆனா அந்தம்மா வேலை உங்க சொந்த விஷயம் இல்ல."

கடைக்காரர் எழுந்து உள்ளே போனார். வால் கதவைத் திறந்து பிடித்தாள்.

தலைமை டாக்டரின் அறையில் நின்றுகொண்டே அவர் மனைவியிடம் சொன்னார். சொல்லி முடிக்க நான்கு வாக்கியம்தான் ஆயிற்று. மனைவி உடனே அழுவாள் என்று டெக்னீஷியன் தண்ணீர் டம்ளரோடு தயாராக நின்றார். அவள் அழவில்லை. ஐந்து வருடம் தன் வயிற்றில் போட்டுக்கொண்ட ஊசிகளை மாதவாரியாகச் சொன்னாள். கருக்குழாயில் அடைப்பு இருக்குமோ என்று இரண்டு தடவை மயக்கம் கொடுத்துப் பார்த்ததைச் சொன்னாள். ஒவ்வொரு தடவையும் வண்டியில் கூட்டிக்கொண்டு போனது யார் என்று கேட்டாள். கடைக்காரர் தான்தான் என்றார்.

"பிழைச்சு வந்ததை மறைச்சா என்னைக் கட்டினீங்க?" என்றாள். "செத்துப்போயிருந்தா மறைக்கணும். பிழைச்சதை எதுக்குங்க மறைக்கணும்?"

தலைமை டாக்டர் இருமிவிட்டு, இப்படிச் சிகிச்சை எடுத்தவர்களிலும் சிலருக்கு எங்காவது ஒரு மூலையில் அணு மிச்சமிருப்பதுண்டு, தேடிப் பார்க்கலாம், சத்தியம் செய்யமாட்டேன் என்றார். அதைப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்றாள் மனைவி.

டெக்னீஷியன் டம்ளரை மேஜைமேல் வைத்தார்.

"சார், நீங்க நல்லா இருக்கணும். ஆனா எனக்கு அந்த நோட்டீஸ் எழுத்துல வாபஸ் ஆகணும். வாய் வார்த்தை போதாது."

அவர் கேட்டது நியாயம். கடைக்காரருக்கு வெள்ளைத்தாள் கொடுத்தார்கள். அவர் எழுதினார்: இரண்டு குழாயிலும் இருந்தது என் ரத்தம்தான். பதினைந்து வயதில் எனக்கு என் அக்காவின் எலும்பு மஜ்ஜை பொருத்தப்பட்டது. அதைப் படிவத்தில் நான் மறைத்தேன். ஊழியர் மேல் தவறில்லை. நோட்டீஸைத் திரும்பப் பெறுகிறேன்.

நான்கு ஐம்பதுக்குத் தலைமை டாக்டர் டிராயரைத் திறந்து உத்தரவை எடுத்து நான்காகக் கிழித்தார். டெக்னீஷியன் அந்த நான்கு துண்டையும் கேட்டு வாங்கிக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு, இரண்டு நாளாகத் தேங்கிக் கிடந்த குழாய்களைப் பார்க்கப் போனார்.

தராசும் வாலும் எழுந்தார்கள். கடைக்காரர் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவை மூடப்போனார். மனைவி நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். மேஜையிலிருந்து இன்னொரு வெள்ளைத்தாளை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"அது அவங்களுக்கு. இது எனக்கு," என்றாள். "எந்த ஆஸ்பத்திரி, எத்தனை மாசம், யார் யார் கூட இருந்தாங்க. எழுதுங்க."

அவர் ஒரு வரி எழுதினார். அவள் படித்தாள்.

"அப்புறம்?"